அனெக்சின்–பி.ஐ. சோதனை: திட்டமிட்ட செல் இறப்பை ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிதந்து வளரும் ஜுர்காட் செல்களையும் தட்டில் ஒட்டி வளரும் ஹீலா செல்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஃப்ளோ சைட்டோமீட்டர் என்பது செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, சிதறும் ஒளியையும் சாயத்தின் ஒளிர்வையும் அளக்கும் கருவி. 488 நானோமீட்டர் நீல லேசர் உள்ள எந்தக் கருவிக்கும் இவை பொருந்தும். கிட்டின் துண்டுச்சீட்டில் வேறு அளவு போட்டிருந்தால், முதல் தடவை அதையே பின்பற்றுங்கள்.

அனெக்சின் சரியாக எதைப் பிடிக்கிறது?

உயிருள்ள செல்லின் சவ்வு ஈரடுக்கு. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு அதன் உள்ளடுக்கில்தான் இருக்கும்; வெளியே நழுவுவதை ஃப்ளிப்பேஸ் என்ற புரதம் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அப்போப்டோசிஸ், அதாவது திட்டமிட்ட செல் இறப்பு, தொடங்கியதும் கேஸ்பேஸ் என்ற கத்தரி அந்த ஃப்ளிப்பேஸை வெட்டிவிடும். எக்ஸ்.கே.ஆர்.8 என்ற கலக்கிப் புரதத்தையும் அதுவே வெட்டி முடுக்கிவிடும். உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும். உடலுக்குள் மேக்ரோபேஜ்கள் "இவனைத் தின்னலாம்" என்று அடையாளம் காண்பது இதை வைத்துத்தான்.

அனெக்சின் வி சுமார் 36 கிலோடால்டன் புரதம். கால்சியம் இருந்தால் மட்டுமே பாஸ்பாடிடைல்செரினை இறுகப் பற்றும். முழுசாக இருக்கும் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. (பெயரில் உள்ள 'வி' ரோமன் எண் ஐந்து, ஆய்வகங்களில் எல்லோரும் எழுத்தாகவே படிக்கிறார்கள், தப்பில்லை.) புரோபிடியம் அயோடைடு, அதாவது பி.ஐ., சிறிய மூலக்கூறு. ஆனாலும் முழுச் சவ்வு அதை உள்ளே விடாது. சவ்வு ஓட்டையானால் நுழைந்து டி.என்.ஏ.-வில் செருகிக்கொண்டு சிவப்பாக ஒளிரும்.

ஆக, இந்தச் சோதனை சொல்வது இரண்டே செய்தி: சவ்வின் கொழுப்பு புரண்டிருக்கிறதா, சவ்வு கிழிந்திருக்கிறதா. செல் ஏன் சாகிறது என்று அது சொல்வதில்லை. கீழே வரும் குழப்பங்களில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

நான்கு கட்டங்களையும் எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாக விழும் படத்தை நான்கு கட்டமாகப் பிரிக்கிறோம். கிடை அச்சில் அனெக்சின், நெடு அச்சில் பி.ஐ. என்று வைத்துக்கொள்வோம். கீழ் இடது உயிருள்ளவை. கீழ் வலது (அனெக்சின் மட்டும்) தொடக்க நிலை அப்போப்டோசிஸ். மேல் வலதில் இரண்டும் ஏறியிருக்கும். "பிந்தைய அப்போப்டோசிஸ்" என்று பெயர் போடுவது வழக்கம். உண்மையில் அங்கே இருப்பது சவ்வு கிழிந்த செல், அவ்வளவே. கிழிந்த சவ்வு வழியாக அனெக்சினும் உள்ளே போய் உள்ளடுக்கைப் பிடித்துவிடும். எனவே நேரடியாக நெக்ரோசிஸில் (திட்டமின்றிச் சவ்வு கிழிந்து சாவது) செத்ததும் அதே கட்டத்தில் வந்து நிற்கும்.

தட்டில் மேக்ரோபேஜ் கிடையாது. அப்போப்டோசிஸில் செத்த செல்லைத் தின்ன ஆளில்லாததால், அது கடைசியில் சவ்வு கிழிந்து மேல் வலதுக்குத்தான் போகும். 24 மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு "எல்லாம் பிந்தைய அப்போப்டோசிஸ்" என்று எழுதினால், விமர்சகர் முதலில் கேட்பது இதைத்தான். 2, 4, 8, 16, 24 மணி என்று எடுத்து, செல்கள் கீழ் வலது வழியாக மேலே ஏறுகின்றனவா என்று காட்டுங்கள். கீழ் வலதில் ஒரு நேரத்திலும் கூட்டம் சேராமல் நேரே மேலே தாவினால் சந்தேகப்படுங்கள்.

எத்தனை ட்யூப் வேண்டும்? கண்ட்ரோல்களைக் குறைக்கலாமா?

குறைக்கக் கூடாது. குறைந்தபட்சம்: சாயமே இல்லாதது, அனெக்சின் மட்டும் போட்டது, பி.ஐ. மட்டும் போட்டது, மருந்து இல்லாமல் இரண்டு சாயமும் போட்டது, கரைப்பான் மட்டும் கொடுத்து இரண்டு சாயமும் போட்டது, கட்டாயம் சாகும் என்று தெரிந்த ஒன்று.

ஒற்றைச் சாய ட்யூப்களுக்கு ஆரோக்கியமான செல்லை எடுப்பது பரவலான தவறு. அதில் ஒளிரும் கூட்டமே இருக்காது, பிறகு எதை வைத்து காம்பென்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதைக் கழிப்பது) போடுவது? அனெக்சின் மட்டும் ட்யூபுக்கு மருந்து கொடுத்த செல்லை எடுங்கள். பி.ஐ. மட்டும் ட்யூபுக்கு, 60 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஐஸில் ஆற்றிய செல்லையும் நல்ல செல்லையும் பாதிப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஆன்டிபாடி பிடிக்கும் காம்பென்சேஷன் மணிகள் (நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள்) இங்கே உதவாது. அனெக்சின் ஆன்டிபாடி இல்லை.

கட்டாயம் சாகும் கண்ட்ரோலுக்கு ஜுர்காட்டில் 1 மைக்ரோமோலார் ஸ்டாரோஸ்போரின், 4 மணி நேரம் போதும். காம்ப்டோதெசின் 4 முதல் 6 மைக்ரோமோலாரும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது டி.என்.ஏ. படியெடுக்கும் செல்களையே முதலில் கொல்லும். மெதுவாகப் பெருகும் செல்வரிசையில் ஏமாற்றும்.

செய்முறையை அளவுகளோடு சொல்ல முடியுமா?

பைண்டிங் பஃபர் (அனெக்சின் ஒட்டத் தேவையான கால்சியம் உள்ள கரைசல்): 10 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பி.எச். 7.4), 140 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. பத்து மடங்குச் செறிவில் வாங்கினால் வடிநீரில் மட்டும் கரையுங்கள். பி.பி.எஸ்.-இல் (பாஸ்பேட் உள்ள உப்புக் கரைசல்) கரைத்தால் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து படிந்துவிடும். கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

செல்களை 300 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி இறக்குங்கள். குளிர்ந்த பி.பி.எஸ்.-இல் இரண்டு முறை கழுவுங்கள். மேல்நீரை முழுக்க எடுத்துவிட்டு, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல் வரும்படி பைண்டிங் பஃபரில் கலக்குங்கள். அதில் 100 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு லட்சம் செல், ட்யூபுக்கு. அனெக்சின்-ஃபிட்ஸி (பச்சையாக ஒளிரும் சாயம் கோத்த அனெக்சின்) 5 மைக்ரோலிட்டர், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் உள்ள பி.ஐ. கரைசல் 5 மைக்ரோலிட்டர். விரலால் மெல்லத் தட்டிக் கலந்து, அறை வெப்பத்தில், இருட்டில் 15 நிமிடம். பிறகு பைண்டிங் பஃபர் 400 மைக்ரோலிட்டர். கழுவ வேண்டாம். 40 மைக்ரோமீட்டர் வலையில் வடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள்.

செல் எண்ணிக்கையை உத்தேசமாக வைக்காதீர்கள். அனெக்சினின் அளவு ஒரு லட்சம் செல்லுக்குக் கணக்கிட்டது. ஒரு ட்யூபில் 5 லட்சமும் இன்னொன்றில் 50 ஆயிரமும் இருந்தால் முன்னதில் சாயம் பற்றாது, பின்னதில் பின்னணி ஏறும். மருந்து கொடுத்த ட்யூபில் எப்போதும் செல் குறைவாகவே இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ண வேண்டியிருக்கிறது. அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

ஹீலா மாதிரி ஒட்டி வளரும் செல்லை எப்படி எடுப்பது?

இந்தச் சோதனை கெட்டுப்போகும் முதல் இடம் இதுதான்.

முதலில், மீடியாவைக் கொட்டாதீர்கள். சாகும் செல் தட்டை விட்டுக் கழன்று மிதக்கும். மீடியாவை உறிஞ்சி வீசினால், நீங்கள் அளக்க வந்ததையே வீசுகிறீர்கள். மீடியா, கழுவிய பி.பி.எஸ்., பிறகு பெயர்த்த செல்கள் மூன்றையும் ஒரே ட்யூபில் சேருங்கள்.

அடுத்து, செல்லைத் தட்டிலிருந்து பெயர்க்கும் ட்ரிப்சின் நொதியை விடும் நேரம். 37 டிகிரியில் 2 முதல் 3 நிமிடம், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே. செல் உருண்டதும் தட்டைப் பக்கவாட்டில் தட்டி, 10 சதவீத சீரம் உள்ள மீடியாவை ஊற்றி நிறுத்துங்கள். 10 நிமிடம் விட்டால் சவ்வு சிதைந்து, மருந்தே படாத செல்லும் மேல் வலதுக்குப் போகும். அதே வேலை செய்யும் அக்யூட்டேஸ் மென்மையானது, கையில் இருந்தால் அதையே எடுங்கள். ரப்பர் சுரண்டி வேண்டவே வேண்டாம், அது செல்லைக் கிழிக்கும். பெயர்த்த செல்களை 37 டிகிரியில், மீடியாவில், அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்தால் பின்னணி இறங்கும்.

எந்த முறையானாலும் மருந்து கொடுத்த தட்டுக்கும் கொடுக்காத தட்டுக்கும் ஒரே நேரம், ஒரே கை.

அனெக்சின் சிக்னலே வரவில்லை. பி.ஐ. மட்டும் வருகிறது. ஏன்?

கால்சியத்தைத் தேடுங்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். சாயம் போட்ட 100 மைக்ரோலிட்டரில் 2.5 மில்லிமோலார் என்றால், ட்யூபில் மொத்தம் 0.25 மைக்ரோமோல் கால்சியம். கடைசியில் பைண்டிங் பஃபருக்குப் பதில், பக்கத்தில் இருந்த வழக்கமான ஸ்டெயினிங் பஃபரை 400 மைக்ரோலிட்டர் ஊற்றிவிட்டீர்கள். அதில் 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. இருக்கிறது: 0.8 மைக்ரோமோல். இ.டி.டி.ஏ. ஒன்றுக்கு ஒன்று என்று கால்சியத்தைப் பிடிக்கும். உங்கள் கால்சியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இ.டி.டி.ஏ. வந்துவிட்டது. ஒட்டியிருந்த அனெக்சின் கழன்று கரைசலுக்குத் திரும்பிவிடும். பி.ஐ.-க்குக் கால்சியம் தேவையில்லை, அது அப்படியே நிற்கும். படம் பார்க்க "எல்லாம் நெக்ரோசிஸ்" மாதிரி இருக்கும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஒரு ட்யூபில் வேண்டுமென்றே 5 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. போடுங்கள். அங்கேயும் அனெக்சின் சிக்னல் நின்றால், அது பாஸ்பாடிடைல்செரினைப் பிடித்த சிக்னல் இல்லை, வெறும் ஒட்டல் அல்லது செல்லின் சொந்த ஒளிர்வு.

இரத்த மாதிரிக்கும் இதுவே பொருந்தும். இ.டி.டி.ஏ. ட்யூபில் எடுத்தால் நன்றாகக் கழுவியாக வேண்டும்; ஹெப்பாரின் ட்யூப் நிம்மதி. முடுக்கப்பட்ட பிளேட்லெட்டுகள் அப்போப்டோசிஸ் இல்லாமலே பாஸ்பாடிடைல்செரினை வெளியே காட்டும், லிம்போசைட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதையும் பாசிட்டிவ் ஆக்கும். 200 ஜி-யில் மெதுவாகச் சுழற்றிப் பிளேட்லெட்டை மேல்நீரோடு கழித்துவிடுங்கள்.

மருந்தே கொடுக்காத கண்ட்ரோலில் 30 சதவீதம் பாசிட்டிவ். சோதனை வீணா?

அந்த ஓட்டம் வீண். நன்றாக வளரும் ஜுர்காட்டில் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் காரணம் பெரும்பாலும் சோதனைக்கு முந்தைய நாட்களில் இருக்கும்: நெருக்கியடித்து வளர்ந்த பிளாஸ்க், மஞ்சளாகிப்போன மீடியா, நேற்றுத்தான் உறைநிலையிலிருந்து எழுப்பிய செல், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று. ஜுர்காட்டை மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்கு மேல் விடாதீர்கள். முந்தைய நாள் பிரித்துவிட்டு, அடுத்த நாள் மருந்து கொடுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் வேகமான சென்ட்ரிஃபியூஜையும் முரட்டுப் பைப்பெட்டிங்கையும் பாருங்கள்.

அனெக்சின் கூட்டம் நேராக வலப்புறம் போகாமல் மேலே சாய்ந்து ஏறுகிறதே?

காம்பென்சேஷன் போதவில்லை. ஃபிட்ஸி 520 நானோமீட்டரில் உச்சம் காட்டினாலும் அதன் வால் பி.ஐ. பார்க்கும் 585 வரை நீளும். அந்த வாலைக் கழிக்காவிட்டால், பி.ஐ. நெகட்டிவான தொடக்க நிலைச் செல் மேல் வலதில் விழும். அனெக்சின் மட்டும் ட்யூபை ஓட்டி, பாசிட்டிவ் கூட்டத்தின் பி.ஐ. மீடியன் நெகட்டிவ் கூட்டத்தின் மீடியனோடு சமமாகும் வரை சரிசெய்யுங்கள். கண்ணால் பார்த்து "நேராகிவிட்டது" என்று நிறுத்த வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

சிவப்பு லேசரும் இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம்: அனெக்சின்-ஏ.பி.சி.யோடு (சிவப்பு லேசரில் ஒளிரும் சாயம் கோத்தது) பி.ஐ. சேர்த்துப் போடுங்கள். ஒற்றை லேசர்தான் என்றால் ஃபிட்ஸியோடு, பி.ஐ.-க்குப் பதில் 7-ஏ.ஏ.டி. என்ற டி.என்.ஏ. சாயம்; அது 650 பக்கம் ஒளிர்வதால் கலப்பு குறைவு.

சிறிய துகள்களை எல்லாம் டெப்ரிஸ் (செல் சிதிலம்) என்று கேட் போட்டு (படத்தில் எல்லை வரைந்து) நீக்கலாமா?

நீக்கினால் முடிவும் கூடவே போகும். அப்போப்டோசிஸில் செல் சுருங்கும்: முன்சிதறல் (செல்லின் அளவைக் காட்டுவது) குறையும், பக்கச்சிதறல் (உள்ளமைப்பைக் காட்டுவது) ஏறும். ஆரோக்கியமான கூட்டத்தைச் சுற்றி இறுக்கமாக வட்டம் போட்டால், செத்தவை அனைத்தும் வெளியே. கட்டாயம் சாகும் கண்ட்ரோல் ட்யூபை வைத்துக் கேட் வரையுங்கள், அதே கேட்டை எல்லாவற்றுக்கும் வையுங்கள். முன்சிதறலின் பரப்பை உயரத்தோடு ஒப்பிட்டு இரட்டைகளை (ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடும் இரண்டு செல்களை) கழியுங்கள். பிறகு குறைந்தது 10,000 செல்லைப் பதியுங்கள்.

மூலிகைச் சாறு, மஞ்சள், டாக்சோரூபிசின் இவற்றைச் சோதிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இவை தாங்களே ஒளிரும். மஞ்சளிலுள்ள குர்குமின் பச்சைச் சேனலில், ஃபிட்ஸி இடத்திலேயே ஒளிரும். புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசின் 488-இல் தூண்டப்பட்டு 590 பக்கம், பி.ஐ. இடத்தில். இலைச் சாற்றில் பச்சையம் மிச்சமிருந்தால் 670 பக்கம், 7-ஏ.ஏ.டி., ஏ.பி.சி. இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஆகவே மருந்து கொடுத்து, சாயம் போடாத ட்யூப் ஒன்று ஒவ்வொரு செறிவுக்கும் கட்டாயம். அது நகர்ந்திருந்தால் சாயத்தை மாற்றுங்கள்: குர்குமினுக்கு அனெக்சின்-ஏ.பி.சி. பொருத்தம். டாக்சோரூபிசினுக்கு அனெக்சின்-ஏ.பி.சி.யோடு, பி.ஐ.-க்குப் பதில் ஊதா லேசரில் பார்க்கும் டாபி அல்லது சைடாக்ஸ் புளூ.

இன்னொன்று, சாபோனின். பூந்திக்கொட்டை நுரைப்பது எதனாலோ அதேதான். பல தாவரச் சாறுகளில் இருக்கிறது. சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து ஓட்டை போடும். செல் ஒரு மணி நேரத்துக்குள் பி.ஐ. பாசிட்டிவ் ஆனால், அது புற்றுசெல்லின் அப்போப்டோசிஸைத் தூண்டும் அரிய மருந்து என்று துள்ளுவதற்கு முன், சோப்பு வேலையா என்று பாருங்கள். சிவப்பணுக்களை அதே செறிவில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கரைசல் சிவந்தால் சோப்புதான். மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. எல்லா ட்யூபிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது.

இன்று சாயம் போட்டு நாளை ஓட்டலாமா?

பி.ஐ. போட்டதை முடியாது. முன்கூட்டியே ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தினால் சவ்வு ஓட்டையாகி எல்லாச் செல்லும் பாசிட்டிவ். தொற்று அபாயம் காரணமாக நிலைப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பி.ஐ.-க்குப் பதில் நிலைப்படுத்தலைத் தாங்கும் உயிர்ச்சாயத்தைப் போட்டு, பிறகு அனெக்சின், அதன் பிறகு 1 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதையும் கால்சியம் உள்ள பைண்டிங் பஃபரிலேயே கரைக்க வேண்டும்.

அனெக்சின் பாசிட்டிவ் என்றால் அப்போப்டோசிஸ் என்று கட்டுரையில் எழுதலாமா?

அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு வகை இறப்பில் கேஸ்பேஸே இல்லாமல், சவ்வு கிழியும் முன்பே பாஸ்பாடிடைல்செரின் வெளியே வரும். 2017-இல் இது தெளிவாகக் காட்டப்பட்டது. அழற்சியோடு வரும் பைரோப்டோசிஸ் என்ற இறப்பில் காஸ்டெர்மின் புரதம் போடும் துளைகள் வழியாகப் பி.ஐ. நுழையும், அனெக்சினும் ஏறும்.

எளிய தீர்வு, கேஸ்பேஸ் தடுப்பான். இசட்-வேட்-எஃப்.எம்.கே. 20 மைக்ரோமோலாரை மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். அனெக்சின் கூட்டம் சரிந்தால் கேஸ்பேஸ் வழி. சரியாமல் நின்றால், அல்லது கூடினால், வேறு சாவைத் தேடுங்கள். இதனோடு வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3-ஐ ஆன்டிபாடியால் காட்டினால் வாதம் பலமாகும். மார்பகப் புற்றுநோய் செல்வரிசையான எம்.சி.எஃப்-7-இல் மட்டும் அதைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். அதன் கேஸ்பேஸ்-3 ஜீனில் 47 காரங்கள் (டி.என்.ஏ. எழுத்துகள்) காணாமல்போய், அந்தப் புரதமே உருவாவதில்லை. அங்கே கேஸ்பேஸ்-7-ஐப் பாருங்கள்.

சப்-ஜி1, டியூனல், ஜேசி-1 எப்போது தேவை?

சப்-ஜி1 என்பது ஜி1 நிலைச் செல்லின் இயல்பான அளவைவிட டி.என்.ஏ. குறைந்துபோன செல்களை எண்ணுவது. மலிவானது, பி.ஐ. ஒன்றே போதும். செல்களை வார்டெக்ஸில் ஆட்டிக்கொண்டே, குளிர்ந்த 70 சதவீத எத்தனாலைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மைனஸ் 20-இல் இரண்டு மணி நேரமாவது வைத்து, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் பி.ஐ., 100 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏஸ், 37 டிகிரியில் அரை மணி. நேரியல் அளவுகோலில், மிகக் குறைந்த ஓட்ட வேகத்தில் பாருங்கள். குறைகள் உண்டு. ஒரே செல் நாலாக உடைந்தால் நாலாக எண்ணும். ஜி2 நிலையில் (டி.என்.ஏ. இரட்டிப்பான பிறகு) செத்த செல் கொஞ்சம் டி.என்.ஏ.வை இழந்தும் ஜி1-க்குக் கீழே இறங்காமல் ஒளிந்துகொள்ளும்.

டியூனல் உடைந்த டி.என்.ஏ. முனைகளைக் குறிக்கும், செலவும் படிகளும் அதிகம், நெக்ரோசிஸிலும் பாசிட்டிவ் வரும். ஜேசி-1 மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்துக்கு: 2 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம், அழுத்தம் இருந்தால் சிவப்பு, சரிந்தால் பச்சை. அந்த அழுத்தத்தைச் சரிக்கும் சி.சி.சி.பி. 50 மைக்ரோமோலார் போட்ட ட்யூப் பக்கத்தில் இல்லாமல் அந்த முடிவை நம்ப முடியாது.

சதவீதம் மட்டும் கொடுத்தால் போதாதா?

கண்ட்ரோல் கிணற்றில் 10 லட்சம் செல், 90 சதவீதம் உயிரோடு: 9 லட்சம். மருந்துக் கிணற்றில் 4 லட்சம் செல், 70 சதவீதம் உயிரோடு: 2.8 லட்சம். சதவீதத்தில் 90-க்கும் 70-க்கும் சின்ன இறக்கம்; எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மீதி ஏற்கெனவே தூளாகிவிட்டதா, பெருகாமல் நின்றுவிட்டதா என்று சதவீதம் சொல்லாது. தெரிந்த எண்ணிக்கையில் எண்ணும் மணிகளைப் போட்டு முழு எண்ணிக்கையையும் கொடுங்கள்.

ஓட்டி முடித்த பிறகு?

பி.ஐ. கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரின் மங்கலான மாதிரியில் போய்த் தெரியும். 10 சதவீத ப்ளீச் 5 நிமிடம், வடிநீர் 5 நிமிடம் ஓட்டிவிட்டு எழுந்திருங்கள். பி.ஐ. டி.என்.ஏ.வில் செருகும் பொருள் என்பதால் கையுறை கட்டாயம். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் அபாயக் கழிவுக் குடுவையில் சேருங்கள்.